பால் பொங்குவதற்குள் ஒரு கனவு

ஐம்பத்தொரு வயதில் எனக்கு ஸ்ரீவைகுண்டத்துக்கு மாறுதல் வந்தது. அதுவரை வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பாளையங்கோட்டையிலேயே கணக்கு டீச்சராக இருந்தவள் நான். இனி தினமும் காலையில் திருச்செந்தூர் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். மாறுதல் உத்தரவைப் பார்த்து நான் கண் கலங்கியபோது என் வீட்டுக்காரர், "ரயில்ல ஜன்னல் சீட்டு கெடைச்சா அதுவும் ஒரு சொகந்தான்" என்றார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் நின்றுகொண்டே பயணம் செய்த மனிதரிடம் உட்கார்ந்து போவதைப் பற்றிப் புலம்ப முடியாது.

முதல் நாளே ஜன்னல் சீட்டு கிடைத்தது. எதிரிலும் பக்கத்திலுமாக மூன்று பெண்கள். பல வருஷமாகச் சேர்ந்து போகிறவர்கள் என்பது அவர்கள் பைகளை வைத்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஒருவர் நர்ஸ். ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. சிரித்தால் அடுத்த பெட்டியில் ஆள் திரும்பிப் பார்க்கும். இன்னொருவர் ஸ்ரீவைகுண்டம் தபால் ஆபீசில் வேலை பார்க்கிற மேலப்பாளையத்து அக்கா. மூன்றாவது பெண்ணுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறாள். நர்ஸக்கா, தபாலக்கா, காலேஜ் என்றுதான் அங்கே பேர். இரண்டாம் நாளே நான் கணக்கு டீச்சர் ஆகிவிட்டேன்.

வண்டி பாளையங்கோட்டையை விட்டதும் நர்ஸக்கா கைப்பையை மடியில் வைத்து, "யாரு மொதல்ல?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, செய்துங்கநல்லூர் வருவதற்குள் ஆளுக்கொரு கனவு சொல்ல வேண்டும். முந்தின ராத்திரி கண்ட கனவு. காலேஜ்தான் இதைத் தொடங்கிவைத்தாளாம். வகுப்பில் கனவைப் பற்றிப் பாடம் நடத்துவதற்காக அக்காமாரிடம் விளையாட்டாகக் கேட்கப்போய், பாடம் முடிந்தும் பழக்கம் நிற்கவில்லை.

அன்று நர்ஸக்காவின் கனவு இது. அவர் ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறார். வரிசை சுகாதார நிலையத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டிப் போகிறது. ஒவ்வோர் ஆளுக்கும் ஊசி ஒரு விரல்கடை நீளமாகிறது. கடைசியில் குடை நீளத்துக்கு ஆகிவிட்டது. "அதக் கையில பிடிச்சிக்கிட்டு நிக்கேன். அடுத்த ஆளு எங்க மாமியா!" என்றார். தபாலக்காவின் கனவில் வீட்டுக்கு விருந்தாட்கள். நெய்ச்சோற்றுச் சட்டியைத் திறந்தால் உள்ளே கட்டுக்கட்டாகக் கடிதாசி. ஒன்றிலும் பின்கோடு இல்லை. காலேஜின் கனவில் அவள் பிளஸ் டூ பரீட்சை எழுதுகிறாள், கேள்வித்தாள் தெரியாத மொழியில் இருக்கிறது. இந்தக் கனவு அவளுக்கு வாரம் ஒரு தடவை வருமாம்.

"டீச்சர், நீங்க?"

"எனக்குக் கனவு வராதே."

"அதெப்பிடி வராம இருக்கும்? ஒறங்குதீங்கள்லா?"

"ஒறங்குதேன். படுத்தா அவ்வளவுதான். அலாரம் அடிச்சா எந்திரிச்சிருவேன். நடுவுல ஒண்ணும் கெடையாது."

மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பந்தியில் உட்கார்ந்துவிட்டு இலையை மூடியவளைப் பார்ப்பதுபோல. அடுத்த நாளும் இல்லை என்றேன். அதற்கடுத்த நாளும் இல்லை என்றேன். அதன்பிறகு நர்ஸக்கா என்னைக் கேட்பதையே விட்டுவிட்டார். அதுதான் பொறுக்கவில்லை.

ஒருநாள் அவர்கள் மூவரும் சொல்லி முடித்தபோது ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கும் ஒண்ணு வந்துச்சு" என்று என் வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் நான் யோசித்தேன். வாழை என்று வந்தது. பத்தாம் வகுப்புக்குள் போகிறேன், பெஞ்சு முழுக்க வாழைமரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. சீருடை போட்டிருக்கின்றன. வருகைப்பதிவு எடுக்கிறேன், ஒவ்வொன்றும் இலையைத் தூக்கி "உள்ளேன் அம்மா" என்கிறது. ஒரு கணக்குக் கேட்டேன். எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன. கடைசிப் பெஞ்சில் குலை தள்ளிய மரம் ஒன்று மட்டும், குலை பாரத்தால் மெதுவாக எழுந்து நின்று, சரியான விடை சொன்னது. மற்ற மரங்கள் எல்லாம் இலை கிழியக் கிழியக் கைதட்டின.

நர்ஸக்கா சிரித்த சிரிப்பில் ஒரு பையன் மேல் படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்தான். தபாலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தன நாளு எங்க வச்சிருந்தீங்க இத?" என்றார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னைக் கண்டிப்பானவள் என்று சொல்லியிருக்கிறார்கள், நேரம் தவறாதவள் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்ன ஒன்றைக் கேட்டு யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில்லை.

அதிலிருந்து அது தினசரி வேலையாகிவிட்டது. காலையில் பாலை அடுப்பில் வைப்பேன். அது பொங்குவதற்குள் அன்றைய கனவு தயாராகிவிட வேண்டும். தாமிரபரணிக்கு ஒரு குழாய் இருக்கிறது, அதன் சாவியைத் தொலைத்துவிட்டு அதிகாரிகள் ஆற்றங்கரை முழுக்கத் தேடுகிறார்கள், கடைசியில் சாவி என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் கிடைக்கிறது, ஆறு திறக்கிறது. கோயில் யானைக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்கிறேன், கரும்பைச் சரியாகப் பங்கு வைத்துவிட்டு அது தும்பிக்கையால் தரையில் எழுதுகிறது: மீதி பூஜ்யம். இரண்டு தடவை பால் பொங்கி வழிந்தது. வீட்டுக்காரர் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "எந்த ஊர்ல நிக்க?" என்று கேட்டார்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் காலேஜ் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"டீச்சர், கோச்சிக்காதீங்க. ஒங்க கனவு ஒவ்வொண்ணையும் எழுதி வச்சிருக்கேன். இருபத்திரண்டு இருக்கு. பேரு ஊரு சொல்லாம என் கிளாஸ்ல வாசிக்கட்டுமா? பிள்ளைங்களுக்கு இத வச்சுப் பாடம் நடத்தலாம்னு நெனைக்கேன்."

"நாளைக்குச் சொல்லுதேனே" என்றேன். அன்று கனவும் சொல்லவில்லை. தலைவலி என்றேன்.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கிறது. ஊர் வடகரையில். நானும் தபாலக்காவும் சேர்ந்து ஆட்டோவில் பாலத்தைத் தாண்டிப் போவோம். அன்று ஆட்டோ பாலத்தில் ஏறியதும் தபாலக்கா என் கையைப் பிடித்தார்.

"தலவலி இல்ல. வேற என்னமோ இருக்கு. சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். வெயிலில் ஆறு பளபளவென்று கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

தபாலக்கா கேட்டார்: "அப்ப அந்த யானை?"

"பொய்."

"குழாய்ச் சாவி?"

"பொய்."

"வாழமரம்?"

"அதுவும் பொய்தாங்க்கா."

"யா அல்லா! வாழமரம் மட்டுமாவது நெசமா இருக்கக்கூடாதா?"

சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். ஆட்டோக்காரத் தம்பி வண்டியைப் பைய ஓட்டிக்கொண்டு கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். இறங்கும்போது தபாலக்கா, "நாளைக்கு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிருங்க. பாடமா நடத்துத விஷயம்லா. தப்பாப் போயிரக் கூடாது" என்றார்.

மறுநாள் வண்டி கிளம்பியதும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "இருபத்திரண்டும் பொய். மன்னிச்சுக்கோம்மா."

காலேஜ் நோட்டை மூடிவைத்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு டீச்சர்" என்றாள். "அதான் கேட்டுப் பாத்தேன்."

"எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

"ஒங்க கனவுக்கெல்லாம் முடிவு இருக்கு. கனவு முடியாது டீச்சர், பாதியில அறுந்துதான் போகும். இந்தக்கா கைல ஊசிய வச்சிக்கிட்டு அப்படியே நிக்காங்க. அங்கன முழிப்பு வந்துருது. ஒங்க கனவுல மட்டும் யானை மீதி பூஜ்யம்னு எழுதுது, குழாய்ச் சாவி கெடைக்குது. எல்லாத்துலயும் விடை வந்து நிக்குது."

கணக்கு டீச்சருக்கு வேறெப்படி வரும்? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நர்ஸக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க மாமியாளுக்குத் தெனமும் சாயங்காலம் ஒங்க கனவத்தான் சொல்லுதேன்" என்றார் கடைசியில். "இடுப்பு ஒடைஞ்சு படுக்கைல கெடக்கு. யானை கரும்பு வகுத்ததக் கேட்டுட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லும். இப்ப அதுகிட்டப் போயி என்னத்தச் சொல்ல?"

"மன்னிச்சிருங்கக்கா."

ரயில் செய்துங்கநல்லூரில் நின்று, கிளம்பியது. பிறகு நர்ஸக்கா என் பக்கம் திரும்பி, முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "சரி, நாளைக்கு என்ன பொய்யி? நல்லதாச் சொல்லுங்க. மாமியா காத்துக்கிட்டுக் கெடக்கும்."

காலேஜ் நோட்டை வகுப்புக்குக் கொண்டுபோகத்தான் செய்தாள். நிஜக் கனவும் என் கனவும் கலந்து வாசித்து, எது உண்மை, எது கட்டியது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னாளாம். குடை நீள ஊசியைப் பாதிப் பேர் பொய் என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸக்காவுக்கு அது தாங்கவில்லை. "நான் வேர்த்து விறுவிறுத்து எந்திரிச்சது பொய்யாமா? அந்தப் பிள்ளைங்கள ஒருநாள் ஊசி போட எங்கிட்ட அனுப்பு."

அப்போதுதான் நான் கேட்டேன், எல்லாருக்கும் கனவு ஏன்தான் வருகிறது, எனக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்று. காலேஜ் சொன்னாள்:

"ஏன் வருதுன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது டீச்சர். பகல்ல பாத்ததையெல்லாம் மூளை ஒறக்கத்துல எடுத்து அடுக்கி வைக்குதுன்னு சிலர் சொல்லுதாங்க. பயத்துக்கு ஒத்திகை பாக்குதுன்னு சிலர். மனசுல தச்ச முள்ள எடுக்கத்தான் வருதுன்னு சிலர். அதெல்லாம் ஒண்ணுமில்ல, மூளைக்குச் சும்மா இருக்கத் தெரியாதுன்னு சொல்லுதவங்களும் இருக்காங்க. ஆனா ஒங்களுக்கு வராம இருக்காது. மறந்துருதீங்க. அலாரம் அடிச்ச ஒடனே துள்ளி எந்திரிச்சா அது கலைஞ்சு போயிரும். லீவுல அலாரம் வைக்காதீங்க. முழிப்பு வந்தாலும் அசையாமக் கெடங்க. பொரண்டுகூடப் படுக்காதீங்க."

காலாண்டு விடுமுறை வந்தது. அலாரத்தை அணைத்தேன். என் வாழ்க்கையில் செய்த பெரிய துணிச்சல்களில் அதுவும் ஒன்று.

முதல் நாள் விழிப்பு வந்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. அசையாமல் கிடந்தேன். தையல்காரரிடம் கொடுத்த ஜாக்கெட் நினைவுக்கு வந்தது. அது கனவு இல்லை. இரண்டாம் நாள் சாம்பாருக்கு முருங்கைக்காய் இருக்கிறதா என்று தோன்றியது. அதுவும் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் வந்து நின்று குனிந்து பார்த்தார்.

"மேலுக்கு முடியலையா?"

கையால் சைகை காட்டினேன், பேசக் கூடாது என்று. பிறகு எழுந்து வந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். "எனக்கு இன்னமும் கனவுல பஸ்ஸு வருது" என்றார் அவர். "கூட்டம் நெரிக்கும். பின்வாசல்லேருந்து முன்வாசலுக்குப் போகவே முடியாது. சில நாள் அந்தக் கூட்டத்துக்காகவே சீக்கிரம் படுத்துருதேன்." இருபத்தைந்து வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம். இதை அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து அவரே காபி போட்டுக்கொண்டு வந்து, கதவோரம் நின்று, மெதுவாகக் கேட்பார்: "வந்துச்சா, இல்ல காபி தரட்டுமா?"

ஆறாவது நாள் வந்தது.

எங்கள் வீட்டு அடுப்படிதான். ஆனால் தரை சிமெண்டு இல்லை, ஈர மணல். நான் தீப்பெட்டியைத் தேடுகிறேன். அலமாரியில் இல்லை, ஜன்னலில் இல்லை. அது கிடைக்காதது எனக்கு ஏதோ பெரிய சந்தோஷமாக இருக்கிறது. பின்வாசலிலிருந்து யாரோ என்னைச் சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். திரும்புகிறேன். அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது அந்த மணலின் குளிர்ச்சி உள்ளங்காலில் இருந்தது. நான் கட்டிய எந்தக் கனவிலும் என் காலில் தரை பட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்காரர் காபியோடு உள்ளே ஓடிவந்தார்.

"வந்துருச்சா?"

சொன்னேன். மிகக் கவனமாகக் கேட்டார்.

"கூப்பிட்டது யாரு?"

"தெரியல."

"யாருன்னு பாத்துட்டு முழிச்சிருக்கலாம்லா?" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ஸ்டேஷனுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். வண்டி நகர்ந்ததும் "நான் மொதல்ல" என்றேன். சொல்லி முடித்ததும் காலேஜ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அறுந்துபோச்சுல்லா! அதான் டீச்சர், அதேதான்." தபாலக்கா பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்து என் வாயில் போட்டார். நர்ஸக்கா மட்டும், "அவ்வளவுதானா?" என்றார். "தீப்பெட்டி கெடைக்கல, திரும்பிப் பாத்தேன். இத எங்க மாமியாட்டச் சொன்னா அடிக்க வரும். பழையபடி ஒரு பொய்யும் சேத்துச் சொல்லுங்க."

அப்படியே ஒப்பந்தமாயிற்று. நிஜம் ஒன்று, பொய் ஒன்று. நிஜம் வராத நாளில் பொய் இரண்டு.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை செய்துங்கநல்லூரில் வண்டி நின்றது, நின்றதுதான். முன்னால் தண்டவாளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நேரமாகும் என்றார்கள். நான்கு பேரும் கனவு சொல்லி முடித்தாயிற்று. மழைச்சத்தத்தில் பெட்டி முழுக்க அமைதியாக இருந்தது.

எங்களுக்கு எதிர் வரிசையில் தினமும் ஒரு அண்ணாச்சி உட்காருவார். குரும்பூர்ப் பக்கம் போய் வெற்றிலை பிடித்துவருகிற வியாபாரி. ஏறியதும் துண்டால் தலையைப் போர்த்திக் கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் இறங்கும்வரை திறக்க மாட்டார். அன்று கண்ணை மூடியபடியே அவர் கேட்டார்:

"தாயி, நானும் ஒண்ணு சொல்லலாமா?"

நர்ஸக்கா அதிர்ந்துபோனார். "அண்ணாச்சி, நீங்க ஒறங்கலையா?"

"ஒறங்கவா? இத்தன மாசமா ஒருநாளுகூட ஒறங்கல. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டுல்லா வாரேன்." துண்டை இறக்கினார். "டீச்சரம்மாவுக்கு லீவு விட்ட அன்னைக்கெல்லாம் வண்டி ஏறவே பிடிக்கல."

இன்னும் நான்கைந்து பேர் சிரித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, கேட்டுக்கொண்டு வந்தது அவர் மட்டும் இல்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எனக்கு ஒரே கனவுதான், சின்ன வயசுலேருந்து. எங்க ஊரு கோயில் கொடைத் திருவிழா. மைக்கு கட்டியிருக்கு. நான் பாடுதேன். கொரலுன்னா அப்பிடி ஒரு கொரலு. அப்பிடியே வழிஞ்சு வருது. சனம் அசையாம நிக்கும். முழிச்சுப் பாத்தா தொண்ட காஞ்சுகெடக்கும்."

"நெசத்துல பாடுவீங்களா?" என்று காலேஜ் கேட்டாள்.

"நெசத்துலயா? நான் கூப்பிட்டா எங்க வீட்டு ஆடுகூட வராது."

"பாடுங்க அண்ணாச்சி" என்றார் நர்ஸக்கா. "வண்டி நிக்குது, மழ பெய்யிது, எவன் கேக்கப் போறான்?"

அவர் கூச்சத்தில் நெளிந்தார். பெட்டியே பாடுங்க பாடுங்க என்றது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்று, மேலே கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாடினார். அவர் சொன்னது உண்மைதான். குரல் ஒரு பக்கம் போனது, ராகம் இன்னொரு பக்கம் போனது. இரண்டு அடி பாடியதும் அவருக்கே தாங்காமல் சிரிப்பு வந்து, பாட்டும் சிரிப்புமாக மூன்றாவது அடியையும் பாடினார். பெட்டி முழுக்கக் கைதட்டியது. அவர் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தபோது கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"ஏன் தாயி இந்தக் கனவு வருது?" என்று காலேஜைப் பார்த்துக் கேட்டார்.

அவள் பாடம் எதுவும் சொல்லவில்லை. "ஒங்களுக்கு ஆசையா இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

"அது எனக்கே தெரியும்லா" என்றார் அவர். மறுபடி ஒரே சிரிப்பு.

அதன்பிறகு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு போலீஸ்காரருக்குச் சீருடையில் பித்தான் மட்டும் காணாமல்போகும் கனவு. ஒரு கல்லூரி மாணவி கனவில் பறந்துகொண்டே இருக்கிறாள், இறங்கத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வண்டி குலுங்கிக் கிளம்பியபோது "அதுக்குள்ளயா?" என்று யாரோ சொன்னார்கள். நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது பீரியட் பாதி ஓடியிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தாமதம். தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், நனைஞ்சிட்டு வந்து இவ்வளவு சந்தோஷம்?" என்றார்.

இப்போது அண்ணாச்சி எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார். கண்ணைத் திறந்துகொண்டுதான் வருகிறார். போலீஸ்காரரும் சில நாள் வந்து உட்காருகிறார். ஆள் கூடியதால் செய்துங்கநல்லூருக்குள் முடிவதில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் நானும் தபாலக்காவும் இறங்கும்போது பெரும்பாலும் நர்ஸக்கா தன் கனவின் நடுவில் இருப்பார். நாங்கள் பிளாட்பாரத்தில் கூடவே நடப்போம், அவர் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு மீதியைக் கத்திச் சொல்லிக்கொண்டே போவார். வண்டி வேகம் எடுக்கும்வரை கேட்கும்.